மீசை வைத்த தாய்மார்

முன்பின் தெரியாத ஒருவரோடு போனில் பேசுவது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. மணி அடித்தால் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட, கொண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். அப்படிப்பட்ட நான் ஒரு பாராளுமன்ற உறுப்பினரை நிம்மதியாக இருக்கவிடாமல் செய்தேன் என்று ஊரில் இப்போதும் சொல்கிறார்கள். நான் தனியாகச் செய்யவில்லை. ஊரே செய்தது. ஆனால் அதில் வந்த பிழை என்னுடைய வாயிலிருந்து தொடங்கியதால், நான் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

நாங்கள் மன்னார் மாவட்டத்தில், அரிப்பு என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு கரையோரக் கிராமத்து ஆட்கள். சண்டைக் காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனோம். அங்கே அகதி முகாமில்தான் எனக்குக் கலியாணம் நடந்தது. மூன்று பெண் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது, பக்கத்து வளவுக்கு ராத்தாவின் குடும்பம் புத்தளத்து முகாமிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. அவர்கள் முஸ்லிம் ஆட்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவ என்பதால் அவர்கள் வழக்கப்படி நான் அவவை ராத்தா, அதாவது அக்கா, என்பேன், அவ என்னைத் தங்கச்சி என்பா. இரண்டு வீட்டுக்கும் தகரக் கூரை, இரண்டு வீட்டுக்கும் ஒரே கவலை.

கவலை தண்ணீர்தான். ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஒன்றுதான் இருந்தது. நாங்கள் வரும்போது அது ஒரு படைமுகாமின் முள்கம்பி வேலிக்குள் போயிருந்தது. முகாமிலிருந்து வந்த எங்களுடைய கிணறு இன்னொரு முகாமுக்குள் இருந்தது. உதவி நிறுவனங்கள் புதிதாக வெட்டிய கிணறுகளில் எல்லாம் உப்பு. அதில் பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணி நாக்கில் நிற்காது. தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். என் மனுசன் பேசாலையில் வேறொருவருடைய படகில் தொழில் செய்தார், கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அதனால் தண்ணீருக்குப் போவது மூத்த மகள். சைக்கிளின் இரண்டு பக்கமும் கலனைக் கட்டிக்கொண்டு விடியமுன் போவாள். வந்து குளித்து உடுத்திப் பள்ளிக்கூடம் போனால் முதல் பாடம் முடிந்திருக்கும். பிந்தி வருகிற பிள்ளைகளை வாசலில் நிறுத்திவைப்பார்கள்.

ஒரு நாள் அவள் சீருடையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அவள் அப்போது சாதாரண தர வகுப்பில், அரசாங்கப் பரீட்சை வருகிற வருடம்.

"அம்மா, நான் இனி ஸ்கூலுக்குப் போகலை."

முகாமில் வளர்ந்த பேச்சு அவளுக்கு இன்னும் மாறவில்லை. நான் ஏன் என்று கேட்டேன்.

"தெனமும் வெளியிலதான் நிக்கிறேன். அதுக்கு எதுக்குப் போகணும்? தண்ணி எடுக்கிறதுக்கு ஒரு பரீட்சை வெச்சாங்கன்னா சொல்லுங்க, ஃபர்ஸ்ட்டு வந்து காட்டுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முகாமில் எட்டாம் வகுப்போடு நின்றவள். அங்கே நிற்பாட்டியது சண்டை என்று சொல்லலாம். இங்கே, சண்டை முடிந்த பிறகு, ஒரு கிணறு என் பிள்ளையை நிற்பாட்டப் போகிறதா?

எங்கள் மாதா கோவில் பாதர் கிணற்றைக் கேட்டு இரண்டு தரம் கடிதம் எழுதிவிட்டார். கிராம அலுவலர் மனுவை வாங்கிக்கொண்டு போனார். மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று என்று பதில் வந்தது. அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ராத்தாதான் அந்த அட்டையைக் கொண்டுவந்தா. தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்தபோது அந்த எம்.பி. எல்லோருக்கும் கொடுத்த அட்டை. ஒரு பக்கம் அவருடைய சிரித்த முகம், மறுபக்கம் தொலைபேசி எண்.

"உந்த ஆள் மேடையில நிண்டு என்ன சொன்னவர், ஞாபகமிருக்கோ? எந்த நேரமும் எடுங்கோ, நான் உங்கட வீட்டுப் பிள்ளை எண்டவர். வீட்டுப் பிள்ளைக்கு ஒருக்கா எடுத்துப் பாப்பம் தங்கச்சி."

"எம்.எல்.ஏ. நேரா எடுப்பாரா?" என்றேன் நான்.

"முதல்ல அவரை எம்.பி. எண்டு சொல்லப் பழகு. இல்லாட்டி எம்.ஜி.ஆர். எங்கையெண்டு கேப்பாய் நீ."

அது ஒக்டோபர் மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் மாதா சுரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டில் செபமாலை, பிறகு கடலையும் தேத்தண்ணியும், அடுத்த நாள் சுரூபம் அடுத்த வீட்டுக்கு. செபம் சொல்வது நான். கூச்சக்காரி எப்படிச் சொல்கிறாள் என்று கேட்பார்கள். செபம் சொல்லும்போது யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நான் பாதி சொன்னால் மீதியைச் சனம் சொல்லும்.

அன்று என் வீட்டு முறை. செபம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது ராத்தா வேலியடியில் நின்று அட்டையைக் காட்டினா. ஒருவர் எடுத்தால் கணக்கெடுக்கமாட்டார்கள், எல்லாரும் ஒரே நாளில் எடுத்தால் போனை நிற்பாட்டிவிடுவார்கள் என்று ஆளாளுக்குப் பேச்சு. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. வாய்க்குள்ளேதான் சொன்னேன். ராத்தாவுக்குக் கேட்டுவிட்டது.

"உரத்துச் சொல்லடி!"

"சுரூபம் போற மாதிரிப் போனும் போகட்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. அண்டைக்கு அந்த வீட்டு ஆள் எடுக்கவேணும்."

ராத்தாதான் முதலில் சொன்னா, "எங்கட வீட்டுக்குச் சுரூபம் வேண்டாம். போன் முறையை மட்டும் தாங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். அதோடு தீர்மானமாகிவிட்டது.

ஆனால் என்ன பேசுவது? எல்லோருக்கும் அதே பயம். அரசாங்கக் கந்தோருக்குப் போனால் சொல்லவந்ததை வாசலிலேயே மறந்துவிடுகிற சனம் நாங்கள். "நீ சொல்லு பிள்ளை, நாங்கள் பின்னால சொல்லுறம்," என்றார்கள். எனக்குத் தெரிந்தது என்னுடைய கதை. அதைச் சொன்னேன்.

"வணக்கம் ஐயா. நான் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ர தாய். எங்கட கிணறு முகாம் வேலிக்குள்ள நிக்குது. மூத்த பிள்ளை விடியமுன்னம் தண்ணிக்குப் போறாள், பள்ளிக்கூடத்தில வெளியில நிக்கிறாள். எங்களுக்குக் கிணறு வேணும். நீங்கள் எப்ப வருவீங்கள்?"

அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி சொன்னார்கள். அவரவர் தங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். அதை ஒருவருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. நான் சொல்லி அவர்கள் திருப்பிச் சொல்கிற எதையும் எங்கள் ஊரில் ஒரு சொல் மாற்றமாட்டார்கள்.

முதல் முறை என்னுடையது. மறுமுனையில் எம்.பி.யின் உதவியாளர். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"நீங்கள் இந்தியாவில இருந்தோ கதைக்கிறீங்கள்?" என்று கேட்டார். முகாமில் ஒட்டிய பேச்சு எனக்கும் முழுதாகப் போகவில்லை.

"ஆமா. இல்லை. ஓம். இப்ப இல்லை," என்றேன்.

"ஐயா கூட்டத்தில நிக்கிறார்," என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஒரு மலையைக் கடந்த மாதிரி இருந்தது. ஐயா கூட்டத்தில் நின்றால் என்ன, படுத்தால் என்ன, நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அடுத்தடுத்த நாட்கள் மற்ற வீடுகள். ஒவ்வொரு நாளும் ஐயா கூட்டத்தில் நின்றார். பிறகு மீசை அண்ணையின் முறை வந்தது. அவர் தனி ஆள், கலியாணம் கட்டாதவர், கரைக்கடலில் தடி நட்டு வலை கட்டுகிற களங்கண்ணி மீன்பிடிக்காரர். முகத்தில் பாதி மீசைதான். போனில் பேசுவதற்கென்று தோய்த்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். நாங்கள் சுற்றி நின்றோம். அலை இரைச்சலுக்குள் பேசிப் பழகிய குரல் அவருக்கு.

"வணக்கம் ஐயா! நான் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ர தாய்!"

மறுமுனையில், "என்ன சொன்னீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ," என்று கேட்டது. கேட்கிறார்களே என்ற சந்தோசத்தில் அவர் இன்னும் உரத்து, ஒவ்வொரு சொல்லாக, முழுவதையும் திருப்பிச் சொன்னார். மறுமுனையில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள் சிரிப்பது எங்களுக்கும் கேட்டது. ஏன் சிரிக்கிறார்கள் என்று சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வசனம் எங்கள் காதுக்கு அவ்வளவு பழகிவிட்டது. கதவுக்குப் பின்னால் என் மூத்தவள்தான் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அம்மா, அவருக்கு எப்பம்மா குழந்தை பொறந்துச்சு?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மீசை அண்ணை போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீர் சொல்லித் தந்ததைத்தானே சொன்னனான்," என்றார்.

அது அத்தோடு போயிருந்தால் நாங்களும் சிரித்து மறந்திருப்போம். அந்தக் கிழமை நானாட்டானில் ஒரு கட்டடத் திறப்பு விழா. மீசை அண்ணை சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், சனத்தோடு சனமாக நின்று பார்த்திருக்கிறார். எம்.பி. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இப்போது அரிப்புப் பக்கமிருந்து மீசை வைத்த தாய்மார் எல்லாம் போன் எடுக்கிறார்கள், அந்தக் கரையில் அப்படி என்ன மருந்து இருக்கிறதோ தெரியாது என்று சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். பக்கத்தில் நின்றவர்கள் மீசை அண்ணையைத் தெரியாமல் அவருடைய தோளிலேயே தட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

அதே நாட்களில் ராத்தாவின் முறையும் வந்தது. உதவியாளர் அவவிடம் வேறு மாதிரிப் பேசினார்.

"எல்லாரும் ஒரே பாடத்தை ஒப்புவிக்கிறீங்கள். ஆர் எழுதித் தந்தது? உங்களுக்குப் பின்னால ஆர் நிக்கினம்?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு கனம் உண்டு. பின்னால் யார் என்று கேட்கப்பட்ட ஆட்களுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ராத்தா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பின்னால ஆரும் இல்லைத் தம்பி. முன்னால வேலி நிக்குது. வந்து பாருங்கோ."

போனை வைத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து முழுவதையும் சொன்னா.

அன்று பின்னேரம் எல்லோரும் எங்கள் முற்றத்தில் கூடினோம். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. நிற்பாட்டிவிடுவோம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அல்லது வசனத்தையாவது மாற்றுவோம், ஆண்கள் தொழிலாளி என்று சொல்லட்டும், பிள்ளை இல்லாதவர்கள் இல்லை என்று சொல்லட்டும் என்றேன். மீசை அண்ணை நிலத்தில் குந்தியிருந்து ஈர்க்கால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

"நான் மாத்தமாட்டன்," என்றார்.

"அண்ணை, உங்களைத்தானே பகிடி பண்ணினவை."

"பண்ணட்டும். பாதரின்ர கடிதத்துக்கு அவர் சிரிச்சவரோ? இல்லை. மனுவுக்குச் சிரிச்சவரோ? அதுவும் இல்லை. என்ர கதைக்குத்தான் சிரிச்சவர். அரிப்புப் பக்கம் எண்டு மைக்கில சொன்னவர். சிரிச்ச மனுசன் மறக்கமாட்டான். நான் நாளைக்கும் எடுப்பன். நான் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ர தாய். ஆர் என்ன செய்யிறது?"

"அப்ப நாங்கள் பேசாமல் இருக்கிறதோ?" என்றார் இன்னொருவர். அவருக்கு நான்கு பையன்கள். "நானும் தாய்தான்."

"எங்கட வீட்டு மனுசனும் தாயாகட்டும்," என்றா ராத்தா. "இவ்வளவு நாள் ஒரு பிரயோசனமும் இல்லாமல் கிடக்கிறார்."

அப்படித்தான் பிழை ஒரு முடிவாக மாறியது. அதற்குப் பிறகு எடுத்த ஆண்கள் எல்லாம் தெரிந்தே சொன்னார்கள். முறை முடிந்த வீடுகள் மறுபடி தொடங்கின. ஒக்டோபர் முடிந்து சுரூபம் கோவிலுக்குத் திரும்பிவிட்டது, போன் நிற்கவில்லை. முதலில் உதவியாளர் சிரித்தார். பிறகு, "நீங்கள் எத்தினையாவது தாய்?" என்று சலித்துக்கொண்டார். பிறகு எங்கள் எண்களிலிருந்து எடுத்தால் அங்கே மணி போகாதபடி மறித்துவிட்டார்கள்.

நல்லது, நேரே போவோம் என்று முடிவெடுத்தோம். மன்னார் டவுனில் அவருடைய கந்தோர். கிழமையில் ஒரு நாள் சனத்தைச் சந்திப்பார். காலைப் பஸ்ஸில் ஏறினால் இடம் போதாது என்று பாதிப் பேர் மீன் வண்டியில் வந்தார்கள். அந்த மணத்தோடுதான் வரிசையில் நின்றோம். கதவடியில் அந்த உதவியாளர். குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்தது. பார்த்தால் சின்ன வயது, களைத்த முகம்.

"என்ன விசயமா வந்தனீங்கள்?"

மீசை அண்ணை தொண்டையைச் செருமினார். "நான் மூண்டு பொம்பிளைப் பிள்ளையளின்ர தாய்."

வரிசையில் நின்ற வேறு ஊர்ச் சனம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெடியன் சிரிக்கவில்லை. "ஓ, நீங்கள்தானோ," என்று மெதுவாகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே கதிரைகள் போதவில்லை, நின்றுகொண்டோம். எம்.பி. அட்டையில் இருந்த அதே சிரிப்போடு எங்களைப் பார்த்தார்.

"சரி, பகிடியை விடுங்கோ. இதில உண்மையான தாய் ஆர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே பார்த்துப் பேசுவதற்குச் சுரூபம் இல்லை. அவருடைய முகம் மட்டும்தான் இருந்தது.

"நான்," என்றேன்.

"அப்ப நீங்கள் கதைச்சால் காணும்தானே? உங்கட கதையை ஏன் ஊரெல்லாம் தங்கட கதையெண்டு சொல்லித் திரியினம்? உந்த அண்ணைக்குப் பிள்ளையே இல்லையாம்."

"அவருக்குப் பிள்ளை இல்லை ஐயா. தாகம் இருக்கு."

அவருடைய சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நான் மகளைப் பற்றிச் சொன்னேன், பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். எம்.பி. என்று சொல்லவேண்டிய இடத்தில் எம்.எல்.ஏ. என்றும் சொல்லிவிட்டேன். அதற்கு யாரோ சிரித்தார்கள், நான் நிறுத்தவில்லை. சொல்லி முடித்தபோது அவர், "சரி அம்மா, பாப்பம்," என்றார்.

பாப்பம் என்றால் எங்கள் பேச்சில் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. வந்தவர் எழும்பிப் போகவேண்டும் என்றால் சொல்கிற சொல்.

"எப்ப ஐயா?" என்றேன்.

"நான் மேலதிகாரியளோட கதைச்சுச் சொல்லுறன்."

"எப்ப ஐயா?"

"இது ஒரு நாளில முடியிற வேலையில்லை அம்மா, விளங்குதோ?"

"எப்ப ஐயா?"

மூன்றாவது முறை நான் மட்டும் கேட்கவில்லை. பின்னால் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து, "எப்ப ஐயா?" என்றார்கள். முன்கூட்டிப் பேசி வைத்தது இல்லை. நான் சொன்னால் சேர்ந்து சொல்கிற பழக்கம் அவர்களுக்கு. சத்தம் வெளியே வரிசைவரைக்கும் போனது. அவர் நாட்குறிப்பைப் புரட்டி ஒரு நாள் சொன்னார். ராத்தா அந்த நாளை எல்லோருக்கும் கேட்க உரத்துத் திருப்பிச் சொன்னா.

சொன்ன நாளில் அவர் வரவில்லை. ராத்தா தன் மகனின் புது எண்ணிலிருந்து எடுத்தா. அடுத்த கிழமை வந்தார். இரண்டு வாகனங்களில், அதிகாரிகளோடு, படம் எடுக்கிற ஆளோடு வந்தார். முகாம் வாசலில் நெடுநேரம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் பேச்சு நடந்தது. கடைசியில் கிணற்றுப் பக்கமாக வேலியில் ஒரு படலை, ஒரு சின்ன வாசல் கதவு, வைத்து, காலையிலும் பின்னேரமும் திறந்துவிடுவதாகச் சொன்னார்கள். வேலி இருந்த இடத்திலேயே இருக்கும்.

படலை திறந்த காலையிலும் அவர் வந்தார். முதல் வாளியை இழுத்து மேலே வைத்துவிட்டுப் படக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

"அம்மா, இஞ்சால வாங்கோ. உண்மையான தாய் நீங்கள்தானே. பக்கத்தில நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்."

"வேலி எடுக்கிற அண்டைக்கு நிக்கிறன் ஐயா."

"இவ்வளவு செய்து தந்தும் ஒரு படத்துக்கு நிக்கமாட்டீங்களோ?"

"நீங்கள் தந்தது படலை ஐயா. கிணறு எங்கட."

சொன்ன பிறகு என் காது சூடாகிவிட்டது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. வேறு யாராவது வருகிறார்களா என்று அவர் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் போகவில்லை. படக்காரர் அவரைத் தனியாக வாளியோடு நிறுத்தி எடுத்தார். அந்தப் படத்தில் அவருக்குப் பின்னால் முள்கம்பி நன்றாகத் தெரியும்.

அதற்குள் என் மூத்தவள், அலுமாரியிலிருந்து திரும்ப எடுத்துப் போட்ட சீருடையோடு வந்து கலன்களை நிரப்பிவிட்டாள். "வழி விடுங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு," என்று எம்.பி.யிடமே சொல்லி, அவரை ஒதுங்கவைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டினாள்.